காலடிக்கு வரும் பந்து

2020 டிசம்பர் 2. கான்பெராவின் மனுக்கா ஓவலில் மார்னஸ் லபுஷேன் போல்டானார். சேலம் மாவட்டம் தாரமங்கலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜனுக்கு அது முதல் சர்வதேச விக்கெட். அன்று இரவுக்குள் தமிழ்த் தொலைக்காட்சிகள் எல்லாம் ஒரே கதையைச் சொல்லி முடித்திருந்தன. விசைத்தறிக் கூலிக்குப் போன அப்பா, சாலையோரத்தில் கடை போட்ட அம்மா, ஐந்து பிள்ளைகள் இருந்த வீடு, இன்று ஆஸ்திரேலியா. அந்தக் கதையில் பொய் இல்லை. ஆனால் அதில் பந்தும் இல்லை.

வறுமையைத் தாண்டி வந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். ஐம்பதாவது ஓவரில், உள்ளங்கை வியர்த்திருக்க, எதிரே அடித்தே தீருவது என்று ஒருவன் நிற்க, அவன் கால்விரலுக்கும் மட்டையின் அடிக்கும் நடுவே உள்ள ஒரு ஜாண் இடத்தில் பந்தை இறக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே சில பேர்தான். நடராஜனை ஊர் ஊராகக் கொண்டுபோனது இந்த இரண்டாவது விஷயம். சென்னையின் நான்காம் டிவிஷன் மைதானங்கள், திண்டுக்கல் அணி, பஞ்சாப், ஹைதராபாத், அபுதாபி, சிட்னி, பிரிஸ்பேன், புனே, டெல்லி, கடைசியில் நம் பக்கத்துத் திருப்பூர் அணி. ஒரு இடது கை போட்ட வழி இது. அதை எழுத உட்காரும்போது வீட்டுக் கஷ்டத்தை மட்டும் உருக்கமாக எழுதிவிட்டு எழுந்தால், அந்தக் கை இத்தனை வருஷம் கற்றுக்கொண்டதற்கு நாம் மரியாதை செய்யவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்தக் கை எங்கே கற்றது என்பது கிணத்துக்கடவுப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்குக் கிரிக்கெட் என்றால் டென்னிஸ் பால்தான். கடலைக்காய் பிடுங்கிய காடு, சோளத்தட்டு அறுத்த காடு, அதுவும் இல்லையென்றால் ஊர்ப் பொதுவில் கிடக்கும் பொட்டல். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் கிளுவை வேலி. தோப்புக்குள் போனால் நாலு, கரண்டுக் கம்பியைத் தாண்டினால் ஆறு. ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்றால் வெள்ளிக்கிழமையே சாலை முக்கில் பிளெக்ஸ் ஏறிவிடும்: முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நுழைவுக் கட்டணம், கீழே உள்ளூர்ப் பெரியவர்களின் படங்கள். கோயமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலை என்று டெம்போ பிடித்து டீம்கள் வரும். ஆட்டம் ஆறு ஓவர், மிஞ்சினால் எட்டு.

ஆறே ஓவர் என்பதால் நின்று ஆட யாருக்கும் நேரமில்லை. முதல் பந்திலிருந்தே சுற்றுவார்கள். டென்னிஸ் பந்துக்கு எழும்புவதுதான் குணம். லெந்த்தில் குத்தினால் இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும், ஷார்ட்டாகப் போட்டால் தலைக்கு மேல் போகும். எழும்ப நேரம் கிடைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான், அது காலடி. அதனால் இந்தக் காடுகளில் பந்து போடுகிற பையன்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, வேறு வழியில்லாமல் யார்க்கர் கற்கிறார்கள். பெரிய கிரிக்கெட்டில் கடைசி நாலைந்து ஓவர்களுக்கு மட்டும் வரும் நெருக்கடி இங்கே முதல் பந்திலேயே வந்துவிடுகிறது. இங்கே எல்லா ஓவரும் கடைசி ஓவர்தான். இருபது வயதுவரை நடராஜன் ஆடியது இந்த ஆட்டம். தோல் பந்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவர் ஆயிரக்கணக்கான கடைசி ஓவர்களை வீசி முடித்திருந்தார் என்று சொன்னால் அதில் மிகை இல்லை.

எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காத்து கிணத்துக்கடவில் ஆளையே சாய்க்கும். தோல் பந்தின் எடை 160 கிராமை ஒட்டியது. டென்னிஸ் பந்து அறுபது கிராம்கூட வராது. அந்தக் காற்றில் அதை நினைத்த இடத்தில் இறக்குவது சாமானியமான காரியமல்ல. எங்கள் பக்கத்தில் இடதுகைப் பந்துவீச்சாளர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் சுற்றுவட்டார டீம்கள் அவரைக் காசு கொடுத்துக் கூட்டிப்போகும். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார், தோளை முழுதாகத் தூக்க முடிவதில்லை. காற்றில் எப்படிக் குறி வைத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"காத்துக்கு எதுக்கப் போட்டா பந்து முன்னாலயே உழுந்துருமுங்ணா. கால்ல உழோணும்னா ஸ்டம்புக்குக் குறி வெக்கோணும். காத்து முதுகுல அடிச்சுதுன்னா ரெண்டடி முன்னால குத்தறதாட்ட நெனச்சுட்டு உடோணும்."

சொல்லிக்கொண்டே கையில் இல்லாத பந்தை விரல்களால் திருப்பிக் காட்டினார். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டி நின்றன. கட்டைவிரல் அடியில் மடங்கிப் பந்தைத் தாங்கியது. மணிக்கட்டு நேராக நின்று, கடைசிக் கணத்தில் மட்டும் கீழே விழுந்தது. சாயங்காலங்களில் கிரீஸில் ஒற்றை ரப்பர் செருப்பை வைத்து, இருட்டும்வரை அதைக் குறிபார்த்துப் போடுவாராம். செருப்பு நகர்ந்தால் அன்றைக்குக் கை சரி. நகராத நாளில் வீட்டுக்குப் போகவே மனசு வராது என்றார்.

இதில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்பதைத் தாளில் கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே 20.12 மீட்டர். மட்டையாளர் நிற்கும் கோடு ஸ்டம்புக்கு 1.22 மீட்டர் முன்னால். கையைவிட்ட பந்து காலடிக்கு வரப் பயணிக்கும் தூரம் ஏறக்குறைய 18 மீட்டர். மணிக்கு 130, 135 கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் அரை விநாடி. விடும்போது கோணம் ஒரே ஒரு டிகிரி மாறினால் பந்து விழும் இடம் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். அரை டிகிரி கீழே போனால் யார்க்கராக வந்திருக்க வேண்டியது ஹாஃப் வாலியாகிக் கூட்டத்துக்குள் விழும். அரை டிகிரி மேலே போனால் ஃபுல்டாஸ், அதற்கும் அதே கதி. ஓடி வந்து, குதித்து, உடம்பெல்லாம் முறுகி நிற்கும் நிலையில் அரை டிகிரிக்குள் கையை நிறுத்த வேண்டும். ஒரு தடவை யாருக்கும் விழுந்துவிடும். ஆறு பந்திலும் விழ வைப்பதற்குப் பெயர்தான் தொழில்.

2016இல் முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் நடந்தபோது, திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரில் யார்க்கருக்கு மேல் யார்க்கராக வீசித்தான் நடராஜன் வெளியுலகத்தின் கண்ணில் பட்டார். அதற்கு முன்னால் ஒரு நீண்ட இருட்டு இருந்தது. ஊர்க்காரரான ஜெயபிரகாஷ்தான் அவரைச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னாளில் நடராஜனின் சட்டை முதுகில் 'ஜேபி நட்டு' என்று இருந்ததே, அந்த ஜேபி இவர்தான். சென்னை லீக்கில் நான்காம் டிவிஷன் பிஎஸ்என்எல் அணியில் தொடங்கி, பிறகு விஜய் கிளப், பிறகு ஜாலி ரோவர்ஸ். அந்த நாளில் மாவட்டத்துப் பையன் தமிழ்நாடு அணிக்கு ஆட வேண்டும் என்றால் சென்னையில் அறை எடுத்துத் தங்கியாக வேண்டும். கோவைக்காரனுக்கும் சேலத்துக்காரனுக்கும் முதல் வெளியூர்ப் பயணம் சென்னைதான். ஆஸ்திரேலியாவைவிட அது தூரம் என்று அந்தப் பையன்களில் பலர் உணர்ந்திருப்பார்கள்.

2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். ஆட்டம் முடிந்த கையோடு, பந்தை வீசவில்லை, எறிகிறார் என்ற சந்தேகம் பதிவானது. நடராஜன் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கான்பெரா அல்ல, இந்த இடம்தான்.

கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும்வரை முழங்கை நீள்வது 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது கிரிக்கெட்டின் இன்றைய விதி. டென்னிஸ் பந்தில் யாரும் இதைப் பார்ப்பதில்லை. இலேசான பந்துக்கு வேகம் ஏற்ற முழங்கையை ஒரு சொடுக்குச் சொடுக்குவது தானாகவே வந்துவிடும். எந்தக் கை அவருக்கு யார்க்கரைக் கொடுத்ததோ அந்தக் கையைத்தான் மறந்துவிட்டு வரச் சொன்னார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், வேறு தொழில் தெரியாத ஒருவர், தெரிந்த ஒன்றையும் பிரித்துப்போட்டு மறுபடி கட்டுவது என்றால் எப்படி இருக்கும்? முன்னாள் வீரர்களான பயிற்சியாளர்கள் உடன் நின்று உதவினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போனது. வேகம் போய்விடலாம், குறியும் போய்விடலாம் என்ற பயத்தோடு ஒவ்வொரு நாளும் பந்து போட்டிருப்பார். மீண்டும் வந்தபோது முழங்கை சரியாகியிருந்தது, யார்க்கரும் பிழைத்திருந்தது. ஷூ வாங்கக் காசில்லாமல் இருந்ததைவிட இது பெரிய கதை. எந்தத் தொலைக்காட்சியும் இதை அரை மணி நேரம் நின்று சொல்லவில்லை.

கிரிக்கெட் முழங்கையைப் பூட்டி வைக்கச் சொல்கிறது. பேஸ்பால் அதைத் திறந்துவிடுகிறது. பேஸ்பாலில் பந்தெறிபவர் ஓடி வருவதில்லை. 18.44 மீட்டர் தூரத்தில், மண்மேட்டின் மீது ஒரு காலை ஊன்றி, முழங்கையைச் சாட்டையாகச் சுண்டி எறிகிறார். பந்து தரையில் படாமலே மட்டைக்குப் போகிறது. ஆட்டத்தின் வேகம் முழுக்க அந்த மூட்டில் இறங்குகிறது என்பதால் அவர்களுக்கு அறுந்துபோவது முழங்கைத் தசைநார். 1974இல் டாமி ஜான் என்பவருக்கு ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் உடம்பின் வேறிடத்துத் தசைநாரை எடுத்து முழங்கையில் கட்டினார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989வரை ஆடினார். அறுவை சிகிச்சைக்கே அவர் பெயர் நின்றுவிட்டது. கிரிக்கெட்டில் முழங்கைக்குப் பதிலாக முதுகெலும்பும் முன்னங்கால் முட்டியும் அந்தப் பாரத்தை வாங்குகின்றன. எந்த ஆட்டமானாலும், பந்தை வீசிப் பிழைக்கிறவரின் உடம்பில் ஏதோ ஒரு மூட்டு அந்த ஆட்டத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

பேஸ்பாலில் எட்வின் ஜாக்சன் என்று ஒருவர். 2003இலிருந்து 2019வரை மேஜர் லீக்கில் 14 அணிகளுக்கு ஆடினார். அதைவிட அதிக அணி மாறியவர் அந்த லீக்கின் வரலாற்றில் யாரும் இல்லை. அமெரிக்க ராணுவக் குடும்பத்தில் பிறந்ததால் பிறந்த ஊரே ஜெர்மனியில். இருபதாவது பிறந்தநாளன்று முதல் ஆட்டம், எதிரே ராண்டி ஜான்சன், வென்றது ஜாக்சன். 2010இல் அரிசோனாவுக்காக 149 பந்துகள் எறிந்து, எட்டுப் பேரை அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கவிட்டும், ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டத்தை முடித்தார். அடுத்த மாதமே வேறு ஊர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எதிலும் நிலைக்காதவர் என்று சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பதினேழு பருவங்களில் பதினான்கு அணிகள் ஒருவரைக் கூப்பிட்டிருக்கின்றன என்றால், வேண்டாம் என்றவர்களைவிட வேண்டும் என்றவர்கள் எப்போதும் ஒரு ஆள் அதிகம் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

எங்கள் பக்கம் தோப்பு தோப்பாகத் தேங்காய் போடப் போகிறவர்களைப் பார்த்தால் இது புரியும். எந்தத் தோப்பும் அவருடையதல்ல. காய் முற்றிய நாளில் கூப்பிடுவார்கள். வேறு யாராலும் ஏற முடியாத உயரத்துக்கு ஏறி, வேலையை முடித்துவிட்டு அடுத்த தோப்புக்குப் போய்விடுவார். பாத்தி கட்டியவர், தண்ணீர் பாய்ச்சியவர், வேலி அடைத்தவர் எல்லாருக்கும் அந்தத் தோப்பில் வருஷம் முழுக்க இடம் உண்டு. இவருக்கு உண்டானது அந்த ஒரு மணி நேரமும், முட்டி தேய்ந்த பிறகு வரும் வலியும். ஆனாலும் அவர் வராவிட்டால் காய் இறங்காது. கடைசி ஓவர் போடுகிறவனின் நிலையும் அதுதான்.

2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்த நடராஜனைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்து, 2018இலும் 2019இலும் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. விலை ஏறுவதும் இறங்குவதும் செய்தியானது. இரண்டு வருஷம் வலைப்பயிற்சியில் மட்டும் பந்து போட்ட ஒருவருக்குக் குறி எப்படிப் பிசகாமல் இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷங்களில் ஹைதராபாத்தின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் முத்தையா முரளிதரன். கண்டியிலிருந்து புறப்பட்டு லங்காஷயர், கென்ட், குளோஸ்டர்ஷயர், சென்னை, கொச்சி, பெங்களூர் என்று பந்து போட்டுத் திரிந்தவர். டெஸ்ட்டில் 800 விக்கெட் எடுத்தவர். 1995 டிசம்பரில் மெல்போர்னில், நிறைந்த கூட்டத்துக்கு நடுவே, எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் கை நீட்டியதும் இவரைப் பார்த்துத்தான். முழங்கையின் பேரால் சந்தேகிக்கப்பட்ட இரண்டு தமிழர்கள், ஒருவர் மலையகத்து வேர் கொண்டவர், ஒருவர் சேலத்துக்காரர், ஹைதராபாத்தில் ஒரே வலைக்குள் நின்றார்கள். அங்கே அவர்கள் பேசிக்கொண்டதை யாராவது எழுதி வைத்திருந்தால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

2020இல் கொரோனாவால் ஐபிஎல் அமீரகத்துக்குப் போனது. நடராஜன் 16 ஆட்டத்தில் 16 விக்கெட் எடுத்தார். நவம்பர் 6ஆம் தேதி அபுதாபியில், எலிமினேட்டர் ஆட்டத்தில், 56 ரன் எடுத்து நின்ற ஏ.பி. டிவில்லியர்ஸை ஒரு யார்க்கரில் போல்டாக்கினார். அந்தப் பந்து ஸ்டம்பின் அடிக்கட்டையில் பட்டதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. உலகத்தில் எந்தப் பந்தையும் எந்தத் திசைக்கும் அடிக்கத் தெரிந்தவர் டிவில்லியர்ஸ். அவர் மட்டை கீழே வந்து சேர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது. அதே நாளில்தான் ஊரில் நடராஜனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அமீரகத்திலிருந்து நேராக ஆஸ்திரேலியா போனவர், ஜனவரி கடைசியில்தான் குழந்தையின் முகம் பார்த்தார்.

ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனது வலைப்பந்து வீச்சாளராக. ஒவ்வொரு கதவும் இன்னொருவர் காயத்தால் திறந்தது. வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம், இருபது ஓவர் அணியில் இடம். சைனிக்கு முதுகுப் பிடிப்பு, ஒருநாள் அணியில் இடம். உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால், டெஸ்ட் அணியில் இடம். பிரிஸ்பேனுக்கு வரும்போது பும்ராவும் அஸ்வினும் ஜடேஜாவும் இல்லை. 2021 ஜனவரி 15 அன்று காபாவில் இறங்கிய இந்தியப் பந்துவீச்சாளர்கள் ஐந்து பேரும் சேர்ந்து அதற்கு முன் ஆடியிருந்தது நாலே டெஸ்ட். இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரராக நடராஜன், 301ஆவதாகச் சென்னையின் வாஷிங்டன் சுந்தர். முதல் இன்னிங்ஸில் 78 ரன் கொடுத்து வேட், சதம் அடித்த லபுஷேன், ஹேசல்வுட் என மூன்று பேரை எடுத்தார். ஆஸ்திரேலியா 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் தோற்றதே இல்லை. ஐந்தாம் நாள் மாலை தோற்றது. ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் நடராஜன்.

இருபது ஓவர் தொடர் முடிந்த அன்று சிட்னியில் முரளி கார்த்திக் அவரிடம் தமிழிலேயே பேட்டி எடுத்தார். ஹர்திக் பாண்டியா தனக்குக் கிடைத்த தொடர் நாயகன் பரிசு நடராஜனுக்குப் போயிருக்க வேண்டியது என்றார். கோப்பையைக் கோலி அவர் கையில் கொடுத்தார். ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டியில் சாரட்டு வண்டியில் ஊர்வலம். நியாயமான கொண்டாட்டம்தான்.

ஆனால் அவருடைய தொழிலை முழுசாகப் பார்க்க விரும்புகிறவர் பார்க்க வேண்டியது இரண்டு மாதம் கழித்து, மார்ச் 28 அன்று, புனேயில். இங்கிலாந்துக்கு 330 இலக்கு. கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். சாம் கரன் எட்டாவதாக வந்து தொண்ணூறை எட்டி நின்றார். அன்று அவர் அடித்த அடியில் எந்தப் பந்துவீச்சாளருக்கும் நடுக்கம் வரும். நடராஜனுக்கு அது இரண்டாவது ஒருநாள் ஆட்டம். முதல் பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி மார்க் வுட் ரன் அவுட். அடுத்த பந்தில் டாப்லி ஒன்று தட்டி ஓடினார். இனிமேல் கரனும் நடராஜனும் மட்டும்தான். மூன்றாவது பந்து, ரன் இல்லை. நான்காவது, ரன் இல்லை. ஐந்தாவது தப்பி நாலுக்குப் போனது. ஆறாவது, மறுபடி ரன் இல்லை. ஆறு பந்தில் ஆறு ரன். ஏழு ரன்னில் ஆட்டமும் தொடரும் இந்தியாவுக்கு. கரன் 95 ரன்னோடு மட்டையை ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றார்.

அந்த ஓவரைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நடராஜன் அவசரப்படவே இல்லை. பந்தைத் துடைக்கிறார், திரும்பி நடக்கிறார், அதே அளவு ஓட்டம். எங்கள் கிளுவை வேலிப் பொட்டலில் ஆறு ரன் அடித்தால் கோப்பை என்று நிற்கும்போது பந்து போடுகிற பையனின் நடை அது. உலகக் கிரிக்கெட்டில் எத்தனையோ பேர் அந்த நிமிஷத்தை முதல் தடவையாகச் சந்திக்கிறார்கள். அவருக்கு அது பழகின இடம்.

இந்தியாவுக்காக அவர் கடைசியாக ஆடியதும் அன்றுதான். ஏப்ரலில் முட்டியில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் அமீரகத்தில் மீண்டும் ஐபிஎல் தொடங்கியபோது கொரோனா. அவர் திரும்பி வருவதற்குள் அர்ஷ்தீப் சிங் என்ற இன்னொரு இடது கை வந்துவிட்டது. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நாலு இருபது ஓவர், ஆக மொத்தம் 7 ஆட்டம், 13 விக்கெட். எல்லாம் நாலே மாதத்துக்குள். அடுத்தவர் காயத்தில் திறந்த கதவுகள் தன் காயத்தில் மூடின.

இதைச் சொல்லிப் பாவம் என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2022இல் 11 ஆட்டத்தில் 18 விக்கெட். 2024இல் 14 ஆட்டத்தில் 19. அந்த 2024, பந்துவீச்சாளர்களுக்கு மிகக் கொடுமையான பருவம். கூடுதலாக ஒரு மட்டையாளரை இறக்கும் இம்பேக்ட் விதி ஒரு பக்கம், தட்டையான ஆடுகளம் ஒரு பக்கம். ஹைதராபாத் அணியே ஒரு ஆட்டத்தில் 287 அடித்தது. ஏப்ரல் 20 அன்று டெல்லியில் ஹைதராபாத் 266, டெல்லி 199. இரண்டு அணியும் சேர்ந்து 465 ரன் குவித்த அந்த ராத்திரியில் நடராஜன் நாலு ஓவர் வீசி 19 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். 19ஆவது ஓவரில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் விக்கெட் எடுத்தார். முட்டியை அறுத்துத் தைத்து மூன்று வருஷம் கழித்து, 33 வயதில். அந்த வருஷக் கடைசியில் ஜெட்டா ஏலத்தில் டெல்லி அவரை 10.75 கோடிக்கு எடுத்தது. 2025இல் இரண்டே ஆட்டத்தில் இறக்கியது. அதே வருஷம் ஜூலையில் தமிழ்நாடு பிரீமியர் லீக்கைத் திருப்பூர் அணி முதல் முறையாக வென்றபோது அந்த அணியில் நடராஜன் இருந்தார்.

2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அவர் சொந்த முயற்சியில் அமைத்த மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். முறையான ஆடுகளங்கள், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் உண்டு. சென்னையில் அறை தேடி அலையாமலே அந்த ஊர்ப் பிள்ளைகள் தோல் பந்தைத் தொடலாம். முழங்கை தப்பாகப் பழகுவதற்கு முன்பே திருத்த ஆள் இருக்கும். ஒரு கிரிக்கெட் வீரர் தன் ஊருக்குச் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. கோவை ஒண்டிப்புதூரிலும் சர்வதேச மைதானம் வரப்போவதாக 2024இல் அறிவித்திருக்கிறார்கள். வரட்டும், வர வேண்டும்.

என் கவலை வேறு பக்கம் இருக்கிறது. கிணத்துக்கடவுச் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் டோர்னமென்ட் பார்த்த காடுகளில் பாதிக்கு இப்போது கல் நட்டாகிவிட்டது. நாலு வழிச்சாலையும் மேம்பாலமும் வந்தபிறகு பொட்டல் என்று எதுவும் பொட்டலாக இருக்க முடியவில்லை. எல்லாம் சைட். பையன்கள் ராத்திரியில் மணிக்கணக்குக் காசு கட்டி, சுற்றியும் மேலேயும் வலை கட்டிய டர்ஃபில் ஆடுகிறார்கள். நல்ல வெளிச்சம், நல்ல தரை, கீழே விழுந்தாலும் காயம் படாது. ஆனால் அங்கே ஆடுகளம் சின்னது, ஓடி வந்து போட இடமில்லை, காற்றும் இல்லை. தோப்புக்குள் போய்விடும் என்ற பயம் இல்லாததால் காலடியில் இறக்கியே தீர வேண்டிய அவசியமும் இல்லை. பயிற்சி மையங்கள் முறையான பந்துவீச்சைக் கற்றுக்கொடுக்கும், சந்தேகமில்லை. எல்லா ஓவரும் கடைசி ஓவராக இருந்த அந்த ஆட்டத்தை யாரும் பாடத்திட்டத்தில் வைத்துச் சொல்லித்தர முடியாது. அது பொட்டலில்தான் வரும்.

லோடு ஆட்டோ அண்ணனிடம் இதைச் சொன்னபோது, அவர் பிள்ளையும் டர்ஃபுக்குத்தான் போகிறான் என்றார். கை நல்ல கையாம். இடது கைதானாம். "ஆனா ஒரு யார்க்கர் கேட்டா முழிக்கறானுங்ணா. எங்க போட்டுப் பழகறது?" என்றார்.

ஊராட்சிகள் இன்னும் விற்காமல் வைத்திருக்கும் பொது நிலங்கள் எங்கள் தாலுகாவில் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. கேலரி வேண்டாம், புல் வேண்டாம், பெயர்ப்பலகைகூட வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் நாலு ஏக்கரை வேலி போடாமல், கட்டடம் கட்டாமல், மேல்காத்து அடிக்கிறபடி அப்படியே விட்டுவைத்தால் போதும். இதை மனுவாக எழுதி வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்க ஊர்ப் பையன்கள் சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.